சாலையோரத்து எழுத்து

சென்ற விடுமுறையில் கப்பலேறிச் சென்னை சேர்ந்து, தந்தையாருடன் காரில் பரமக்குடிக்குப் புறப்பட்டேன். இரவு நேரம். வழியில் ஒரு பிரிவுச் சாலையைத் தவறவிட்டோம். பலகை இருந்தது, அதில் தமிழும் இருந்தது. அருகே வந்த பின்னரே படிக்க முடிந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டரில்தான் எழுத்துப் புலப்படும் என்றால், ஓட்டுபவருக்குக் கிடைப்பது மூன்றே நொடி! நம் அந்தமான் பெருஞ்சாலைக்கும் இதே கணக்குத்தான்.

பிரிட்டனில் 1957-இல் இக்கவலை எழுந்தது. புதிய நெடுஞ்சாலைகளுக்குப் பலகை வகுக்கும் பொறுப்பு ஜாக் கின்னீரிடம் வந்தது. அவருடைய மாணவி மார்கரெட் கால்வெர்ட் துணை நின்றார். அவ்வாறு பிறந்ததே ‘டிரான்ஸ்போர்ட்’ எழுத்துரு. ஆங்கிலத்தை முழுதும் பெரிய எழுத்தில் எழுதினால் ஊர்ப்பெயர் செங்கல் வரிசைபோல் தோன்றும். சிறிய எழுத்தில் எழுதினால் மேலும் கீழும் நீண்டு சொல்லுக்கோர் உருவம் அமையும் என்பது அவர்கள் கொள்கை. மேலும், விளக்கொளியில் வெள்ளெழுத்து பருத்துத் தோன்றும். ஆகவே கரும்பரப்புக்கு மெலிந்த வடிவமும், வெண்பரப்புக்குத் தடித்த வடிவமும் செய்தனர்.

டேவிட் கிண்டர்ஸ்லி என்பார் பெரிய எழுத்தே சிறந்ததென வாதிட்டார். பென்சன் விமானத்தளத்தில் வீரர்களை மேடையில் அமர்த்தி, பலகை தாங்கிய காரை அவர்களை நோக்கி ஓட்டிச் சோதித்தனர். கிண்டர்ஸ்லியின் எழுத்தே இம்மியளவு முந்தியது! வேற்றுமை அற்பமென்று, தோற்றப் பொலிவை நோக்கிக் கின்னீரின் எழுத்தை ஏற்றனர். எல்லாம் அறிவியலே என்று நாம் மார்தட்டுவதற்கில்லை. பின்னாளில் கால்வெர்ட்டும் ஹென்ரிக் கூபெலும் அதைப் புதுப்பித்து, பல கனங்களும் சாய்வெழுத்தும் சேர்த்தனர். அது 2012-இல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஏறியது.

தமிழின் நிலை என்ன? மேலேறும் விசிறியும் கீழிறங்கும் காலும் நமக்கு இயல்பாகவே உள்ளன. ‘மதுரை’, ‘திருச்சி’ என்பவை உருவத்தாலேயே வேறுபடும். இடர் சுழிகளில் இருக்கிறது. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் ஒளி பரவும்போது அடைபட்டு ஒன்றாகிவிடுகின்றன. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ‘லை’, ‘ணை’ முதலியவற்றின் பழைய துதிக்கையை நீக்கி அச்சுக்கும் தட்டச்சுக்கும் உதவியது. சாலைக்கென்றால், சுழியின் உள்வெளியை அகலமாக்குவதும் கோட்டை மெலிதாக்குவதும் வேண்டும். எவ்வளவு என்பதை அளந்தே சொல்லவேண்டும்.

அளப்பது எளிது. வரும் சனிக்கிழமை இரவு, விடுதிச் சாலையில் ஒரு வண்டியின் முகப்பு விளக்கும் அளவுநாடாவும் போதும். பலகைகளை நான் எழுதி வருகிறேன். மூக்குக்கண்ணாடி அணிந்த அன்பர்கள் அவசியம் வருக.