வான்வழித் தொலைவும் பயண நேரமும்

திருவனந்தபுரம் பழவங்காடியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி விமான நிலையம் அமைந்துள்ளது. இந்நகரிலிருந்து தில்லி ரயில் பாதையில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கும் இரண்டு நாட்கள் தேவைப்படுகின்றன. வான்வழியிலோ தொலைவு ஏறத்தாழ 2,220 கிலோமீட்டர். பயணம் மூன்று மணி நேரத்திற்குச் சற்று அதிகம்.

இத்தொலைவை நிலப்படத்தைக் கொண்டே கணக்கிடலாம். புவி உருண்டையாதலின், இரு இடங்களுக்கிடையேயுள்ள மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். இவ்விரு விமான நிலையங்களும் ஏறத்தாழ 77 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் அமைந்திருப்பதால், அட்சரேகைகளின் வேறுபாட்டை அறிந்தாலே போதும். அது ஏறத்தாழ 20 பாகை. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 1,200 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர் வீதம் 2,222 கிலோமீட்டர்.

உயரத்தில் ஜெட் விமானம் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இவ்வேகத்தில் பயணம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் கால அட்டவணை கூடுதல் நேரத்தைக் காட்டுகிறது. மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு; வகுக்கப்பட்ட வான்பாதைகள் முற்றிலும் நேரானவையல்ல; மேலும், நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிறுத்துமிடத்தை அடைவது வரையிலான நேரமே அட்டவணையில் கணக்கிடப்படுகிறது.

கிழக்கு மேற்காகச் செல்லும் பயணங்களில் கடிகாரமும் மயக்கத்தை உண்டாக்கும். துபாய் நேரம் இந்திய நேரத்திற்கு ஒன்றரை மணி பிந்தியது. திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்தால், துபாயில் மணி 12.45 ஆகவே இருக்கும். திரும்பும்போது காலை 10 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், இங்கு மாலை 3.30 ஆகிவிடும். வளைகுடாவில் பணிபுரிவோர் இணைப்புப் பயணங்களைத் திட்டமிடும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எந்த அளவைக் கொள்வது என்பது பயணியின் செலவையும் பாதிக்கக்கூடியது. 2020 மே மாதம் உள்நாட்டு விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியபோது, அரசு கட்டண வரம்புகளைக் கிலோமீட்டர் அடிப்படையில் அன்றிப் பயண நேர அடிப்படையில் ஏழு வகைகளாக நிர்ணயித்தது. 180 முதல் 210 நிமிடம் வரையிலான பயணங்கள் உச்ச வகையில் அமைந்தன. இவ்வரம்புகள் 2022 ஆகஸ்ட் இறுதியில் நீக்கப்பட்டன.

எனினும், பயணி செலவிடும் நேரம் விமானத்தில் மட்டும் கழிவதன்று. பழவங்காடியிலிருந்து தில்லி செல்பவர், விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தை அடைய வேண்டும். இறங்கிய பின் பெட்டிகளைப் பெற்று நகருக்குள் செல்ல மேலும் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆக, பறக்கும் நேரத்திற்கு ஈடான நேரம் தரையிலேயே கழிகிறது. சென்னை போன்ற குறுகிய தொலைவுப் பயணங்களில் இது பறக்கும் நேரத்தையும் விஞ்சிவிடுகிறது. விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதால் மிச்சமாவது சில நிமிடங்களே. சோதனை முறைகளையும் நகரப் போக்குவரத்து இணைப்பையும் சீர்செய்தால் மிச்சமாகும் நேரம் அதனினும் அதிகம். திட்டமிடுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய அளவு இதுவே.