கைதட்டுக்கு ஒரு பெருக்கல் குறி

கொங்கு நாட்டில் கோயில் நோம்பி வந்துவிட்டால் பல ஊர்களில் வள்ளி கும்மி களைகட்டும். வாத்தியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் அடிவைத்து, குனிந்து நிமிர்ந்து, கைதட்டி ஆடுவார்கள். மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் இந்தக் கலையை வளர்த்த தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களுக்கும் கும்மி கற்றுக்கொடுத்தவர் அவர்.

இந்தக் கும்மியை ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல் வரும். பாட்டுக்கு ஸ்வரம் உண்டு, கைதட்டுக்குக் கிடையாது. ஐந்து கோட்டு முறையிலோ குறியின் உருண்டைத் தலை எந்தக் கோட்டில் அல்லது எந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஸ்வரத்தின் அடையாளம். கைதட்டையும் உருண்டையாகப் போட்டால், படிப்பவர் அதையும் பாடிவிடுவார். அதனால் தலையை மாற்ற வேண்டும். உருண்டைக்குப் பதில் × போட்டால், அந்த இடத்தில் ஸ்வரம் இல்லை, தாளம் மட்டும்தான் என்று புரிந்துவிடும்.

கணினியில் இது எளிது. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் வேண்டிய குறிகளைத் தேர்ந்தெடுத்து, தலைகள் அடுக்கியிருக்கும் பெட்டியில் × மேல் ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் மாறுவது தோற்றம் மட்டுமே. இசைக்கவிட்டால் பழைய ஸ்வரமே ஒலிக்கும். அதைத் தனியாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், கைதட்டுக்கென ஒற்றைக் கோட்டுத் தாள வரிசை ஒன்றைப் பாட்டின் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே தட்டில் நடக்கும் இந்த மாற்றத்துக்குப் பின்னால் நுணுக்கமான வேலை இருக்கிறது. உருண்டைத் தலையிலிருந்து மேலே போகும் காம்பு, அதன் வலப்பக்கத்தில், நடுவுக்குச் சற்று மேலே ஒட்டும். × தலைக்கு அதே இடத்தில் ஒட்டினால் காம்பு அந்தரத்தில் தொங்கும். மேல் வலது முனையில்தான் ஒட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் காம்பு சேரும் புள்ளியை எழுத்துரு செய்தவரே குறித்துத் தருகிறார். இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் அளவுகோல். பிராவுரா எழுத்துருவில் கோட்டின் தடிமன் அந்த இடைவெளியில் 0.13 பங்கு, காம்பு 0.12 பங்கு.

முன்பெல்லாம் ஒவ்வொரு மென்பொருளும் தன் குறிகளை எழுத்துருவில் தன் விருப்பப்படி அடுக்கிவைத்திருந்தது. ஒன்றின் எழுத்துரு மற்றொன்றில் சரியாக வராது. 2013இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் டேனியல் ஸ்ப்ரெட்பரி, ‘ஸ்மூஃபல்’ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டார். யூனிகோடில் தனிப்பயனுக்கென விட்டுவைத்த பகுதியில், எந்தக் குறி எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. பிராவுரா அந்தத் தரத்தின் முதல் எழுத்துரு. இன்று மியூஸ்ஸ்கோரில் எழுத்துருவை மாற்றினால் பக்கம் முழுவதும் ஒரே நொடியில் வேறு முகம் கொள்கிறது. அதில் இயல்பாக வரும் ‘லேலண்ட்’, ஸ்கோர் என்ற முன்னோடி மென்பொருளை உருவாக்கிய லேலண்ட் ஸ்மித்தின் பெயரைத் தாங்கியது.

குறிகளின் தோற்றத்தை நம் இசைக்கேற்ப அமைக்கும் தேவை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சானது. தெலுங்கு எழுத்தில் அமைந்த நூல் அது. ஸ்வர எழுத்தை மட்டும் அச்சிட்டால் ராகத்தின் எலும்புக்கூடுதான் மிஞ்சும். அசைவும் குழைவும் காணாமல்போகும். அதனால் கமகம் எனப்படும் அந்த அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் அவர் ஓர் அடையாளம் வைத்தார். ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு நெளிகோடு. வழுக்கி ஏறும் ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு. வழுக்கி இறங்கும் இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது. அந்த நெளிகோட்டையும் சாய்கோட்டையும் இன்று மியூஸ்ஸ்கோரின் குறித் தொகுப்பிலிருந்து எடுத்து, வேண்டிய ஸ்வரத்தின் தலைக்குமேல் வைத்துவிடலாம்.

அந்த நூலிலும் ஒரு × உண்டு. அங்கே அது கைதட்டு அல்ல, வீணையில் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிடிக்கும் ஒடுக்கல். இரண்டையும் அறிந்த ஒருவர் கும்மியின் குறிப்பைக் கையில் எடுத்தால் ஒரு கணம் தயங்குவார். பக்கத்தின் உச்சியில் ‘× – கைதட்டு’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அவரும் மற்றவர்களோடு சரியான இடத்தில் தட்டுவார்.