பட்டுப்புழுவின் தலைக்குள் ஒரு கடிகாரம்

ஆரணித் தறியில் ஓடும் பட்டு நூல் எந்த ஊர்க் கூட்டிலிருந்து வந்தாலும் சரி, அதன் தரத்துக்கான வேலை முட்டை பொரியும் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே காலையில் பொரிந்த புழுக்கள் ஒன்றாகத் தின்னும், ஒன்றாகத் தோலுரிக்கும், ஒன்றாகக் கூடு கட்டும். இரண்டு மூன்று நாளாகப் பிரிந்து பொரிந்தாலோ, ஒரே தட்டில் சில புழுக்கள் தோலுரிப்புத் தூக்கத்தில் இருக்கும். சில இலை தேடி அலையும். இலை வீண், கூலி வீண், கூடும் ஒரே அளவில் வராது.

பட்டு முட்டை விடியலை ஒட்டிப் பொரிவதும், அந்துப்பூச்சி அதிகாலையில் கூட்டைவிட்டு வெளிவருவதும் வளர்ப்பவர்கள் அறிந்ததே. நேரத்தை அதற்கு யார் சொல்கிறார்கள்?

மூளை மாறினால் நேரமும் மாறும்

1970-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்டு இருவரும் இரண்டு வகைப் பட்டு அந்துப்பூச்சிகளைச் சோதித்தார்கள். ஒன்று முற்பகலில் வெளிவரும். மற்றொன்றான சீனத் தசர் வகை மாலை நெருங்கும்போது வரும். மூளையை நீக்கியதும் பூச்சிகள் கண்ட நேரத்தில் வந்தன. எடுத்த மூளையை வயிற்றுக்குள் வைத்தபோது நேரம் திரும்பியது. ஓர் இனத்தின் மூளையை மற்றதன் வயிற்றில் வைத்தபோது, மூளை எந்த இனமோ அந்த இனத்தின் நேரத்துக்கே பூச்சி வந்தது. கடிகாரம் மூளையில் இருப்பது அப்போது உறுதியானது.

பழ ஈ காட்டிய இணைப்பு

அந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் காட்டியது, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈ. 1971-ல் கொனாப்கா, பென்சர் இருவரும் அதில் ‘பீரியட்’ என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் தன் உற்பத்தியைத் தானே நிறுத்துகிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை குழாயை அடைப்பது போலத்தான். புரதம் சிதைந்து குறைந்ததும் உற்பத்தி மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பழ ஈயின் மூளையில் சுமார் 1,40,000 நரம்புச் செல்கள். அவற்றில் கடிகாரச் செல்கள் ஏறக்குறைய 240 மட்டுமே. சில செல்கள் காலைச் சுறுசுறுப்பையும், சில மாலைச் சுறுசுறுப்பையும் கவனிக்கின்றன. சில செல்கள் ‘பிடிஎஃப்’ என்ற பொருளைச் சுரந்து மற்றவற்றுக்குச் சேதி அனுப்புகின்றன. அந்தப் பொருள் இல்லாத ஈக்களைத் தொடர் இருட்டில் வைத்தால், பெரும்பாலானவை சில நாளில் நேர ஒழுங்கை இழக்கின்றன. பாவில் இழை எத்தனை இருந்தாலும் விறைப்பு ஒன்றுபோல் நின்றால்தானே நெசவு ஓடும்? இதுவும் அப்படித்தான்.

உயிர்க் கடிகார ஆய்வை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முன்னோடி, மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். இன்று பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஷீபா வாசுவின் குழு பழ ஈயின் கடிகாரச் செல்களை ஆராய்ந்து வருகிறது.

நம் பட்டுப்புழுவுக்கும் இதே ‘பீரியட்’ மரபணு உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் செயலிழக்கச் செய்தபோது, முட்டை பொரிவதிலும் அந்துப்பூச்சி வெளிவருவதிலும் இருந்த நேர ஒழுங்கு குலைந்ததை 2019-ல் வெளியிட்டார்கள்.

வளர்ப்பு மனையில் செய்ய வேண்டியது

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி வெளிச்சம். முட்டையில் கரும்புள்ளி தெரியும்போது, அதாவது பொரிய இரண்டு நாள் இருக்கும்போது, முட்டை அட்டைகளைக் கறுப்புத் தாளில் சுற்றியோ கறுப்புப் பெட்டியிலோ வையுங்கள். வெப்பம் 25 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் அளவில் இருக்கட்டும். முந்திய கரு இருட்டில் காத்திருக்கும். பிந்தியது அதற்குள் வளர்ந்து சேரும். பொரிய வேண்டிய நாளன்று அதிகாலையில் திறந்து வெளிச்சம் காட்டினால் பெரும்பாலானவை ஒன்றாகப் பொரியும்.

இடையில் ‘பொரிந்துவிட்டதா’ என்று பெட்டியைத் திறந்து விளக்கடித்துப் பார்க்காதீர்கள். வெளிச்சம் பட்டால் முந்திய கருக்கள் பொரியத் தொடங்கிவிடும்.

இளம்புழுவாக வாங்குபவர்கள், எல்லாம் ஒரே நாளில் பொரிந்தவைதானா என்று கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்கச் செலவில்லை. கேட்காமல் விட்டால் கடைசிவரை தட்டுத் தட்டாகப் பிரித்து இலை போட வேண்டிவரும்.