ஒரே தெரு... ஒரே மைக்... ஒரு கையெழுத்து! ஹிப்-ஹாப் குழுக்கள் ஜெயித்த, உடைந்த கதை

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பிக்கிறார்கள். பெயர் வைக்கவே ஒரு வாரம் சண்டை நடக்கும். ஸ்பீக்கர் வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவார்கள். முதல் கைத்தட்டல் விழும்போது, எந்த வரி யார் எழுதியது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள் கோட் போட்ட ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டி, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க' என்கிறார். கதை மாறுவது அங்கேதான்.

உலகையே ஆட்டிவைத்த அமெரிக்க ஹிப்-ஹாப் குழுக்களில் பலவற்றின் கதை இதுதான். பாட்டில் ஜெயித்தவர்கள், காகிதத்தில் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்து அடுத்து வந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யமே!

தங்கைக்குப் புது டிரெஸ் வேண்டும்!

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. ஸ்கூல் திறக்கப்போகிறது. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். என்ன செய்யலாம்? தங்கள் அபார்ட்மென்ட்டின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட 18 வயது அண்ணன் கிளைவ் இருக்கிறாரே!

ஜமைக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் கிளைவ். ஏரியாவில் அவர் பெயர் டி.ஜே. கூல் ஹெர்க். பாட்டு நடுவே பாடகர் நிறுத்தி, டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் வெறித்தனமாக ஆடுகிறது என்பதை அவர் கவனித்துவைத்திருந்தார். அந்த இடமோ சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் வைத்து, ஒன்று முடிந்ததும் இன்னொன்றில் அதே டிரம்ஸை ஓடவிட்டு அதை நீட்டினார். ஹிப்-ஹாப் பிறந்த கதை என்று உலகம் கொண்டாடுவது இந்த பார்ட்டியைத்தான்.

இந்த இசை ஆரம்பத்திலிருந்தே கூட்டு முயற்சிதான். ஸ்பீக்கர் தூக்க ஆள் வேண்டும், ரெக்கார்டு பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும், மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்ற ஆள் வேண்டும். அதனால் தெருவுக்குத் தெரு குழுக்கள் முளைத்தன.

அடுத்தவர் நோட்டுப் புத்தகம்

ஆறு வருடங்கள் இந்தப் பாட்டு பார்ட்டிகளிலும் பூங்காக்களிலும் மட்டுமே இருந்தது. சில்வியா ராபின்சன் என்ற பாடகியும் தயாரிப்பாளரும்தான் இதை ரெக்கார்டு போட்டு விற்கலாம் என்று கணக்குப் போட்டார். அவர் தேடியபோது கையில் குழு எதுவும் இல்லை. நியூஜெர்சியில் மூன்று இளைஞர்களைப் பிடித்து, 'சுகர்ஹில் கேங்' என்று பெயர் வைத்தார். அவர்களில் ஒருவர் பீட்சா கடையில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹேங்க்.

1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியானது. 14 நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாட்டு. அமெரிக்காவைத் தாண்டியும் ஹிட் ஆனது. பாட்டில் ஹேங்க் பாடிய வரிகள் அவருடையவை அல்ல. பிராங்ஸில் பெயர்பெற்ற கிராண்ட்மாஸ்டர் காஸின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. அந்த ரெக்கார்டில் காஸின் பெயர் இல்லை. பின்னணி இசைக்கு அடிப்படையான பாட்டை உருவாக்கிய நைல் ரோட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும் வழக்குப் போடுவோம் என்று நின்றதால் அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. காஸுக்கு அப்படி வாதாட யாரும் இல்லை.

உலகம் முழுக்க ஹிட் ஆன முதல் ராப் பாட்டே இன்னொருவர் வரியில் ஓடியிருக்கிறது!

பெயர் இருக்கு... ஆள் இல்லை!

ஜோசப் சாட்லர், எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். வீட்டில் உள்ள ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் ரகம். டர்ன்டேபிளில் ரெக்கார்டைத் துல்லியமாக முன்னும் பின்னும் சுழற்றும் வித்தையை வளர்த்தெடுத்தவர் இவர். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று பெயரெடுத்தார். அவரோடு ஐந்து ராப்பர்கள் சேர்ந்ததும், 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்' குழு உருவானது. டி.ஜே-யின் பெயர் முன்னால், பாடுபவர்கள் பின்னால். அன்றைய மரியாதை அப்படி.

1982-ல் இவர்கள் பெயரில் வந்தது 'தி மெசேஜ்'. அதுவரை ராப் என்றால் கொண்டாட்டம்தான். இந்தப் பாட்டு வறுமையைப் பேசியது. இடிந்த வீடுகளையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பேசியது. 2012-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வெளியிட்ட சிறந்த 50 ஹிப்-ஹாப் பாடல்கள் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால், பாட்டில் ஃப்ளாஷின் கை படவே இல்லை. ஃபியூரியஸ் ஃபைவில் பாடியவர் மெல்லி மெல் மட்டும். உடன் எழுதிப் பாடிய டியூக் பூட்டி, அந்தக் கம்பெனியின் ஸ்டுடியோ இசைக்கலைஞர். அட்டையில் மட்டும் முழுக் குழுவின் பெயர். அடுத்த வருடமே ராயல்டி கேட்டும், தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமை கேட்டும் ஃப்ளாஷ் கோர்ட்டுக்குப் போனார். குழு இரண்டானது. 2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஹிப்-ஹாப் குழு என்ற பெருமை கிடைத்தபோது, பழைய குழு உடைந்து இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது.

லேஸ் இல்லாத ஷூ

அடுத்த தலைமுறை குவீன்ஸ் பகுதியின் ஹாலிஸிலிருந்து வந்தது. ஜோசப் சிமன்ஸ், டேரில் மெக்டேனியல்ஸ், ஜேசன் மிசெல். மூவர் குழுவின் பெயர் ரன்-டி.எம்.சி. முந்தைய குழுக்கள் பளபள உடையில் மேடையேற, இவர்கள் தெருவில் நிற்கும் அதே உடையில் வந்தார்கள். கறுப்புத் தொப்பி, லேஸ் கட்டாத அடிடாஸ் ஷூ!

அந்த ஷூவைப் பற்றியே ஒரு பாட்டும் போட்டார்கள். 1986-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி. ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று மேடையிலிருந்து கேட்டதும், அரங்கம் முழுக்க அடிடாஸ்கள் உயர்ந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அடிடாஸ் கம்பெனி அதிகாரியும் ஒருவர். விளைவு, 10 லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம். அதுவரை விளையாட்டு வீரர்களைத் தேடிப்போன கம்பெனி, ஒரு ராப் குழுவைத் தேடி வந்தது. பாட்டை மட்டும் விற்காமல் தங்கள் அடையாளத்துக்கும் விலை பேசலாம் என்பதை ராப்பர்கள் கற்றுக்கொண்டது இங்கேதான்.

இந்தக் குழுவைப் பணம் பிரிக்கவில்லை, ஒரு துப்பாக்கி பிரித்தது. 2002 அக்டோபர் 30 அன்று ஜேசன் மிசெல், குவீன்ஸில் தன் ஸ்டுடியோவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இல்லாமல் குழு இல்லை என்று மற்ற இருவரும் சில நாள்களிலேயே அறிவித்தார்கள்.

எஃப்.பி.ஐ அனுப்பிய கடிதம்

அமெரிக்காவின் மறுகோடியில் லாஸ் ஏஞ்சலஸ். அருகில் உள்ள காம்ப்டன் நகரில் ஈஸி-ஈ 1987-ல் சொந்தமாக ஒரு ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார். டாக்டர் ட்ரே, ஐஸ் க்யூப், எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா என்று கூட்டணி சேர, என்.டபிள்யூ.ஏ குழு உருவானது. 1988-ல் வந்த 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பத்தில் போலீஸின் அராஜகத்தைக் கொச்சையாகவே திட்டி ஒரு பாட்டு. அடுத்த வருடம் அவர்களின் ரெக்கார்டு கம்பெனிக்கு எஃப்.பி.ஐ அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதமே அனுப்பினார். ரேடியோக்கள் ஒதுக்கிய ஆல்பத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்குமா என்ன?

பெண்களை இழிவாகப் பேசும் இவர்களின் வரிகள் அன்றும் விமர்சிக்கப்பட்டன, இன்றும் விமர்சிக்கப்படுகின்றன. அதையும் சேர்த்ததுதான் இவர்கள் விட்டுச்சென்ற தடம்.

அரசாங்கத்தால் உடைக்க முடியாத குழு, கணக்கு வழக்கில் உடைந்தது. குழுவின் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஐஸ் க்யூப். தனக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை என்றார். நிர்வாகத் தரப்பு அதை மறுத்தது. 1989 முடிவதற்குள் க்யூப் வெளியேறினார். 1991-ல் ட்ரே போனார். நண்பர்கள் ஒருவரையொருவர் பாட்டிலேயே திட்டிக்கொண்டார்கள்.

1995 மார்ச்சில் தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக ஈஸி-ஈ அறிவித்தார். பத்தே நாள்களில், மார்ச் 26-ம் தேதி இறந்துபோனார். பிரிந்த ஐவரும் ஒன்றாகச் சேர்ந்து மேடையேறும் வாய்ப்பு அத்தோடு போனது. ட்ரே பிறகு எமினெமை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பங்குதாரராக இருந்த 'பீட்ஸ்' கம்பெனியை 2014-ல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. கையெழுத்தின் மதிப்பு நன்றாகவே புரிந்துவிட்டது போல!

ஒன்பது பேர், ஒரு திட்டம்

நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட். ரிஸா, தியேட்டரில் குங்ஃபூ படங்களாகப் பார்த்து வளர்ந்தவர். சூர்யாவின் '7-ஆம் அறிவு' பார்த்தவர்களுக்கு ஷாவோலின் பெயர் புதிதில்லை. தன் தீவுக்கே 'ஷாவோலின்' என்று பெயர் வைத்த ரிஸா, குழுவுக்கு 'வு-டாங் கிளான்' என்று பெயர் வைத்தார்.

ரிஸாவும் அவர் உறவினர் ஜிஸாவும் ஏற்கெனவே தனித்தனியாகக் கம்பெனிகளில் ஒப்பந்தமாகி, 1991-ல் பாட்டுப் போட்டுச் சோபிக்காமல் திரும்பியவர்கள். சூடுபட்ட பூனைகள். இந்த முறை ரிஸா திட்டம் வகுத்தார். எட்டுப் பேரிடமும் அவர் கேட்டது ஐந்து வருட அவகாசம். அதுவரை தன் பேச்சைக் கேட்க வேண்டும். முதல் பாட்டை எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் சொந்தக் காசில் வெளியிட்டார்கள். பாட்டு பேசப்பட்டதும் கம்பெனிகள் வந்தன.

லவுட் ரெக்கார்ட்ஸோடு ரிஸா பேசிய ஒப்பந்தம் விநோதமானது. குழுவாகப் பாடினால் லவுட் கம்பெனிக்கு. தனி ஆல்பம் என்றால், உறுப்பினர்கள் யாரும் எந்தக் கம்பெனிக்கும் போகலாம்! பொதுவாகக் குழுவோடு ஒப்பந்தம் போடும் கம்பெனி, உறுப்பினர்களின் தனிப் பாட்டையும் தனக்கே என்று கட்டிப்போடும். ரிஸா அந்தக் கயிற்றை முன்பே அறுத்துவிட்டார்.

1993 நவம்பர் 9 அன்று முதல் ஆல்பம் வந்தது. அடுத்து மெத்தட் மேன் டெஃப் ஜாம் கம்பெனிக்கு, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கு, ஜிஸா கெஃபனுக்கு என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். யார் ஜெயித்தாலும் வு-டாங் பெயர் வளர்ந்தது. 'வு வேர்' என்று துணிக்கடைகூட வந்தது. 1997-ல் எல்லோரும் கூடிப் போட்ட இரட்டை ஆல்பம், அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் நுழைந்தது.

இவர்களுக்குள்ளும் பிறகு ராயல்டி வழக்கு வந்தது. 2004 நவம்பரில் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், ரிஸாவின் ஸ்டுடியோவிலேயே இறந்துபோனார். ஆனாலும் குழு கலைந்துவிடவில்லை. அப்பாவின் இடத்தில் நின்று அவர் மகன் மேடையேறிப் பாடிவருகிறார்.

சொந்தப் பாட்டு, அடுத்தவர் பணம்

வு-டாங்கின் முதல் ஆல்பம் வந்த அதே நாளில் இன்னொரு ஆல்பமும் வந்தது. 'எ டிரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் மூன்றாவது ஆல்பம் அது. ஜாஸ் இசையோடு ராப்பைக் கலந்த மென்மையான குழு. க்யூ-டிப், ஃபைஃப் டாக் இருவரும் குவீன்ஸில் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். இவர்களுக்கும் காகிதம் பாடம் நடத்தியிருக்கிறது. 'கேன் ஐ கிக் இட்?' என்ற இவர்களின் பிரபலமான பாட்டில் லூ ரீடின் இசைத் துணுக்கைப் பயன்படுத்தினார்கள். அதற்கு விலையாகப் பாட்டின் வருமானம் அவருக்கே போனது.

1998-ல் குழு கலைந்தது. நண்பர்களுக்குள் மனஸ்தாபம். ஃபைஃபுக்கு இளம் வயதிலேயே சர்க்கரை நோய். சிறுநீரகம் செயலிழக்க, 2008-ல் மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். 2015 நவம்பரில் ஒரு டி.வி நிகழ்ச்சிக்காகப் பழைய நண்பர்கள் மறுபடி மேடையேறினார்கள். பழைய உற்சாகம் திரும்பியது. யாருக்கும் சொல்லாமல் க்யூ-டிப் வீட்டு ஸ்டுடியோவில் புது ஆல்பத்தைத் தொடங்கினார்கள்.

2016 மார்ச் 22. வேலை முடிவதற்குள் ஃபைஃப் இறந்துபோனார். வயது 45. அவர் பாடிவைத்த பகுதிகளோடு மற்றவர்கள் ஆல்பத்தை முடித்து நவம்பரில் வெளியிட்டார்கள். 18 வருடங்களுக்குப் பிறகு வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நண்பன் இருந்த கடைசி மாதங்களில் சமாதானம் ஆகிவிட்டோம் என்பது க்யூ-டிப்புக்கு அதைவிடப் பெரிய பரிசு.

நம்ம ஊருக்கும் வந்த பாதை

இந்த அலை தமிழுக்கும் வந்தது. மலேசியாவின் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' குழு 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தில் இளையராஜாவின் இசையோடு தமிழ் ராப்பைக் கலந்தது. ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' ஆனார்கள். இன்று ஒரு லேப்டாப் இருந்தால் படுக்கையறையில் உட்கார்ந்து தனியாளாகவே ராப் பாட்டு முடித்துவிடலாம். ஸ்பீக்கர் தூக்க நண்பர்கள் தேவையில்லை. உலகம் முழுக்கக் குழுக்கள் குறைந்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இருந்தும் எங்கோ ஒரு மொட்டைமாடியில் நாலு பேர் சேர்ந்து இப்போதும் குழுவுக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை சொல்வது ஒன்றுதான். எந்த வரி யாருடையது, வரும் காசில் யாருக்கு எவ்வளவு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவைத்துவிடுங்கள்.

சிண்டி கேம்ப்பெல் 1973-ல் அதைத்தான் செய்தார். பார்ட்டி அழைப்பைச் சின்ன அட்டைகளில் தன் கையாலேயே எழுதினார். அண்ணன் பெயரும், நுழைவுக் கட்டணமும் அதில் தெளிவாக இருந்தன!