காலத்தால் கட்டப்பட்ட களம்: நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் தொழில்முறை மற்போர் (1957–1984)

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட அமெரிக்கத் தொழில்முறை மற்போர் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்து இயங்கியது. அவற்றுள் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஏறக்குறைய மாதம் ஒருமுறை நடைபெற்ற நிகழ்ச்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட மோதல்களைக் காண ஒரே நகர மக்கள் ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்தி வந்தது ஏன் என்பதே ஆய்வு வினா. மாத இடைவெளி, சாம்பியன் பட்ட விதிகள், குடியேறிய மக்களின் அடையாளம் ஆகிய மூன்றும் இணைந்து அம்மோதல்களை ஒரு தொடர்கதையாக்கின என்பதும், அத்தொடர்ச்சியே அங்கு விற்கப்பட்ட பொருள் என்பதும் இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: தொழில்முறை மற்போர், வட்டார முறை, நியூயார்க், குடியேற்றம், நிகழ்த்துகலை.

முன்னுரை

தொழில்முறை மற்போரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘அது உண்மையா, பொய்யா’ என்ற வினாவிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நியூயார்க்கைப் பொறுத்தவரை அவ்வினாவுக்குச் சட்டம் வெகு முன்னரே விடை கூறிவிட்டது. மற்போரைப் ‘போட்டி’ என விளம்பரம் செய்யலாகாது, ‘காட்சி’ என்றே குறிப்பிட வேண்டும் என்பது 1930களிலிருந்தே அம்மாநில விளையாட்டு ஆணையத்தின் நிலைப்பாடு. விளம்பரத்திலேயே ‘காட்சி’ என்று அச்சிடப்பட்ட ஒன்றுக்கு மக்கள் திரண்டு வந்தனர் என்றால், அவர்கள் ஏமாற்றப்பட்டனர் என்னும் விளக்கம் போதாது.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் ‘மித்தாலஜீஸ்’ நூலில் மற்போரை விளையாட்டாக அன்றிக் காட்சியாகக் காண வேண்டும் என வாதிட்டார். குத்துச்சண்டை காலப்போக்கில் வளர்ந்து முடிவை நோக்கிச் செல்வது. மற்போரிலோ ஒவ்வொரு கணமும் தன்னளவில் பொருள் நிறைந்தது என்பது அவர் கருத்து. பாரிஸ் நகரின் சிறிய அரங்குகளை நோக்கிக் கூறப்பட்ட இக்கருத்தின் முற்பகுதி நியூயார்க்கிற்கும் பொருந்தும்; பிற்பகுதி பொருந்தாது. கார்டன் மற்போரில் ஒரு கணத்தின் பொருள் அதற்கு முந்தைய மாதங்களைச் சார்ந்தே அமைந்தது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

வட்டார முறையும் நியூயார்க்கும்

1948ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் சிலர் கூடித் தேசிய மற்போர்க் கூட்டணியை உருவாக்கினர. ஓர் அமைப்பாளரின் வட்டாரத்துக்குள் மற்றொருவர் நிகழ்ச்சி நடத்துவதில்லை, அனைவரும் ஒரே உலகச் சாம்பியனை ஏற்றுக்கொள்வர் என்பன அதன் அடிப்படை உடன்பாடுகள். இவ்வேற்பாடு வணிகப் போட்டியைத் தடுப்பதாகக் கருதிய அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 1956இல் அவ்வழக்கு இணக்கத் தீர்ப்புடன் முடிந்தது. ஆயினும் நடைமுறையில் வட்டார எல்லைகள் மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தன.

வடகிழக்கு வட்டாரத்தை வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்பிடல் மற்போர்க் கழகம் நடத்தியது. அதன் தலைவர் வின்சென்ட் ஜே. மக்மேன். 1963 ஜனவரி 24 அன்று டொராண்டோவில் பட்டி ரோஜர்ஸ் தம் உலகப் பட்டத்தை லூ தெஸ்ஸிடம் இழந்தபோது, மக்மேன் தரப்பு அம்முடிவை ஏற்க மறுத்துக் கூட்டணியை விட்டுப் பிரிந்து, ‘உலகளாவிய மற்போர்க் கூட்டமைப்பு’ என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. ரோஜர்ஸே அதன் முதற் சாம்பியன். ரியோ டி ஜெனீரோவில் நடைபெற்ற ஒரு தொடரில் அவர் அப்பட்டத்தை வென்றதாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய தொடர் நடைபெறவே இல்லை. நிறுவனத்தின் தோற்றக் கதையே புனைவு என்பது கருதத்தக்கது.

மாத இடைவெளியும் தொலைக்காட்சியும்

வட்டாரத்தின் நகரங்களுக்கெல்லாம் தலைமைக் களம் கார்டன். 1968 வரை எட்டாம் அவென்யூவில் 49, 50ஆம் தெருக்களுக்கு இடையிலும், அதன்பின் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையத்தின் மேலும் அவ்வரங்கு அமைந்திருந்தது. புதிய அரங்கு நிறைந்த நாள்களில் மற்போரைக் கண்டோர் 20,000 பேர் அளவினர்.

இந்நிகழ்ச்சிகளுக்கு மக்களை அழைத்து வந்தது தொலைக்காட்சி. ஆனால் தொலைக்காட்சி மற்போர் கார்டனில் படமாக்கப்படவில்லை. 1970களில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா, ஹாம்பர்க், ஆலன்டவுன் ஆகிய ஊர்களின் சிறிய அரங்குகளில் படமாக்கப்பட்டது. அவற்றில் புகழ்பெற்ற மல்லர்கள் பெயரறியாத எதிராளிகளைச் சில நிமிடங்களில் வீழ்த்தினர். புகழ்பெற்ற இருவர் மோதுவது அரிது. மோதலுக்கான காரணம் தொலைக்காட்சியில் விதைக்கப்பட்டது. மோதலைக் காண நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நகருக்கும் தனித்தனி நேர்காணல்கள் பதிவு செய்யப்பட்டு, அந்தந்த நகரின் ஒளிபரப்பில் செருகப்பட்டன. எனவே ஒரே நிகழ்ச்சி பாஸ்டனில் பாஸ்டன் அரங்குக்கும், நியூயார்க்கில் கார்டனுக்கும் அழைப்பாக மாறியது.

ஒரு பகை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம் நீடித்தது. இதற்கு இடமளித்தது ஒரு விதி: தகுதிநீக்கத்தாலோ, நடுவர் எண்ணி முடிப்பதற்குள் களத்துக்குத் திரும்பாமையாலோ சாம்பியன் தோற்றால் பட்டம் கைமாறாது. எனவே முதல் மாதத்தில் அறைகூவுபவர் வெற்றி பெறலாம். பட்டம் மட்டும் கிட்டாது. இரண்டாம் மாதம் குருதிப் பெருக்காலோ, இரவு 11 மணிக் காலவரம்பாலோ முடிவின்றி நிற்கலாம். மூன்றாம் மாதம் தப்பிச்செல்ல வழியில்லாத இரும்புக்கூண்டு போன்ற சிறப்பு ஏற்பாட்டில் சாம்பியன் தீர்க்கமாக வெல்வார். அடுத்த மாதம் புதிய எதிராளி வருவார். முடிவுறாமை இங்கு குறையன்று. அதுவே அடுத்த மாதத்துக்கான அழைப்பு.

நாயகனும் குடியேறிய மக்களும்

தொடர்கதைக்கு நாயகன் தேவை. நியூயார்க்கில் அந்நாயகன் யார் என்பதை நகரின் குடியேற்ற வரலாறு தீர்மானித்தது. 1950களில் அரங்கை நிறைத்த அந்தோனினோ ரோக்கா இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். இத்தாலியரும் ஸ்பானிய மொழியினரும் அவரைத் தம்மவராகக் கொண்டனர். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த மிகேல் பெரெஸ் அவருக்கு இணையாக நிறுத்தப்பட்டார்.

அப்பற்றின் ஆழத்தை 1957 நவம்பர் 19 நிகழ்ச்சி காட்டியது. ரோக்காவும் எடுவார் கார்பான்டியேவும் ஒருபுறம், ஜெரி கிரகாமும் டிக் த புரூசரும் மறுபுறம் மோதினர். குருதி கண்ட கூட்டம் களத்தை நோக்கிப் பாய்ந்து கலவரமாயிற்று, இருக்கைகள் எறியப்பட்டன, காவலர்கள் காயமுற்றனர். டிக் த புரூசர் நியூயார்க் மாநிலத்தில் மற்போரிடத் தடை விதிக்கப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டோரைக் கார்டன் மற்போருக்கு அனுமதிக்காத விதியும் நெடுங்காலம் நீடித்தது.

1963 மே 17 அன்று புரூனோ சம்மார்ட்டினோ 48 விநாடிகளில் ரோஜர்ஸை வென்றார். இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் பிறந்து, போர்க்காலத்தில் தாயுடன் மலையில் ஒளிந்து வாழ்ந்து, 1950இல் நோயுற்ற சிறுவனாகப் பிட்ஸ்பர்க் வந்து, எடைப்பயிற்சியால் உடலை வளர்த்தவர் அவர். இவ்வரலாறு புனைவன்று. நேர்காணல்களில் இத்தாலிய மொழியிலும் பேசுவது அவர் வழக்கம். அவருடைய முதல் ஆட்சி 2,803 நாள் நீடித்தது. அவருக்குப் பின் 1971இல் சாம்பியனான பெத்ரோ மொராலெஸ் போர்ட்டோ ரிக்கோவின் குலேப்ரா தீவில் பிறந்தவர். அக்காலத்தில் ஸ்பானிய மொழி அலைவரிசைகளிலும் மற்போர் ஒளிபரப்பாயிற்று. இத்தாலியருக்குப் பின் போர்ட்டோ ரிக்கோவினர் என்ற இவ்வரிசை நகரின் குடியேற்ற வரிசையையே ஒத்திருக்கிறது.

நாயகரின் அடையாளம் பெரிதும் உண்மையாக இருக்க, எதிராளியின் அடையாளம் பெரும்பாலும் புனையப்பட்டது. ‘ரஷ்யர்’ ஐவன் கோலாஃப், ஓரியல் பெராஸ் என்ற கனடியர். ‘மஞ்சூரியாவிலிருந்து வந்த’ கொரில்லா மான்சூன், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் மரெல்லா என்ற இத்தாலிய வழியினர். அதாவது, இத்தாலிய நாயகனை எதிர்த்து நின்ற ‘அயலவர்’ ஓர் இத்தாலியரே. நகரம் தன் நாயகனிடம் மெய்யை வேண்டியது. பகைவனிடம் வேடமே போதும் என்றிருந்தது. பனிப்போர்க் கால அச்சங்களும் இன முன்முடிவுகளும் இவ்வேடங்களுக்குத் துணி தந்தன என்பதையும் மறுக்கவியலாது.

இடைக்காலச் சாம்பியன்

இரு நாயகருக்கிடையே பட்டம் கைமாறுவது எவ்வாறு என்பது இம்முறையின் கடினமான சிக்கல். ஒரு நாயகன் மற்றொரு நாயகனை வென்றால் இரு சமூகங்களுள் ஒன்று புண்படும். இதற்குக் கண்ட வழியே ‘இடைக்காலச் சாம்பியன்’. 1971 ஜனவரி 18 அன்று சம்மார்ட்டினோவை வென்ற கோலாஃப் 21 நாள்களில், பிப்ரவரி 8 அன்று, மொராலெஸிடம் தோற்றார். 1973 டிசம்பர் 1 அன்று மொராலெஸை வென்ற ஸ்டான் ஸ்டாசியாக் ஒன்பது நாள்களில் சம்மார்ட்டினோவிடம் தோற்றார். இரு நாயகரும் நேருக்கு நேர் மோதியது 1972 செப்டம்பர் 30 அன்று ஷே விளையாட்டரங்கில். 75 நிமிடத்துக்குப் பின் அம்மோதல் வெற்றி தோல்வியின்றி முடிக்கப்பட்டது. 1977 ஏப்ரலில் சம்மார்ட்டினோவை வென்ற பில்லி கிரகாம் மட்டும் விதிவிலக்கு. எதிர்நாயகனாக இருந்தும் அவர் ஏறத்தாழ பத்து மாதம் பட்டம் தாங்கினார். அவருக்கும் ஆதரவுக் குரல் எழுந்தது.

கோலாஃப் வென்ற இரவு இம்முறையின் வலிமைக்குச் சான்று. மூன்று எண்ணி முடிந்ததும் அரங்கு முழுதும் ஓசையற்றுப் போயிற்று. தம் செவிப்புலன் கெட்டுவிட்டதோ என ஐயுற்றதாகச் சம்மார்ட்டினோ பிற்காலத்தில் கூறியுள்ளார். கலவரத்துக்கு அஞ்சிக் கோலாஃபிடம் பட்டக் கச்சை களத்தில் வழங்கப்படவில்லை. அந்த அமைதியை அக்கணத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. ஏழரை ஆண்டு மாதந்தோறும் வந்தோரின் காலம் ஒரு கணத்தில் முடிவுற்றதன் அமைதி அது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சம்மார்ட்டினோ கார்டனை 187 முறை நிறைத்தார் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. அவர் பட்டம் தாங்கிய இரு காலங்களும் சேர்ந்து ஏறக்குறைய 133 மாதங்களே. மாதம் ஒன்று என்ற பொது வழக்கோடு பொருத்திப் பார்த்தால் அவ்வெண் மிகைக்கூற்றாகவே தோன்றுகிறது. இத்துறையின் எண்கள் பல விளம்பரத்திலிருந்து வரலாற்றுக்குள் நுழைந்தவை.

உடலின் விலை

முடிவு புனைவாயினும் உடல் புனைவன்று. 1976 ஏப்ரல் 26 அன்று கார்டனில் ஸ்டான் ஹான்சன் சம்மார்ட்டினோவைத் தூக்கி வீசியபோது பிடி தவறிச் சம்மார்ட்டினோவின் கழுத்தெலும்பு முறிந்தது. அத்தவறு மறைக்கப்பட்டு, ஹான்சனின் முன்கை வீச்சே கழுத்தை முறித்தது என்ற கதையாக மாற்றப்பட்டது. ஜூன் 25 அன்று, முகமது அலி – அந்தோனியோ இனோக்கி மோதல் டோக்கியோவிலிருந்து திரையிடப்பட்ட அதே நாளில், ஷே அரங்கில் சம்மார்ட்டினோ மீண்டும் ஹான்சனை எதிர்கொண்டார். நுழைவுச்சீட்டு விற்பனை மந்தமாக இருந்ததால் குணமாகும் முன்னரே தாம் வற்புறுத்தி அழைக்கப்பட்டதாக அவர் பின்னர் தெரிவித்தார். விபத்து இரண்டே மாதத்தில் கதையாயிற்று, கதை வருவாயாயிற்று, வலி மட்டும் ஒருவருக்கே உரியதாக எஞ்சியது. தொடர்கதையின் இடைவெளி உடல் ஆறுவதற்கான இடைவெளியாக அமையவில்லை.

வட்டார முறையின் முடிவு

1982இல் மக்மேனின் மகன் வின்சென்ட் கே. மக்மேன் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கினார். கம்பிவடத் தொலைக்காட்சியின் துணையுடன் பிற வட்டாரங்களுக்குள் நுழைந்தார். 1983 டிசம்பர் 26 அன்று அயர்ன் ஷீக், பாப் பேக்லண்டை வென்றார். 1984 ஜனவரி 23 அன்று ஹல்க் ஹோகன், ஷீக்கை வென்றார். இரண்டும் கார்டனிலேயே நிகழ்ந்தன. இரண்டும் பழைய ‘இடைக்காலச் சாம்பியன்’ வழியையே பின்பற்றின. ஆனால் அவ்வழியில் வந்த ஹோகன் ஒரு நகரின் குடியேறிய சமூகத்துக்குரிய நாயகன் அல்லர். நாடு முழுமைக்கும் வடிவமைக்கப்பட்டவர். 1985 மார்ச் 31 அன்று முதல் ‘ரெஸில்மேனியா’ கார்டனில் நடைபெற்றபோது, அதைப் பெரும்பாலோர் பிற ஊர்களின் திரைகளிலேயே கண்டனர். அரங்கு மாறவில்லை, அது யாருடைய அரங்கு என்பது மாறிற்று.

முடிவுரை

கார்டன் மற்போரைக் காண வந்தோர் வாங்கியது ஒரு மோதலின் முடிவை அன்று. அடுத்த மாதமும் அதே நாயகன் நிற்பான் என்ற உறுதியையும், அவ்வுறுதி எந்த மாதமும் முறியலாம் என்ற அச்சத்தையும் சேர்த்தே அவர்கள் வாங்கினர். வட்டார எல்லை அந்நாயகனை நகருக்குரியவனாக்கியது. மாத இடைவெளி அவனைக் காத்திருப்புக்குரியவனாக்கியது. குடியேறியோரின் வாழ்வு அவனை உறவினனாக்கியது. இம்மூன்றும் பொருந்தியிருந்தவரை ‘காட்சி’ என்று அச்சிட்ட விளம்பரம் எவரையும் தடுக்கவில்லை. 1957இன் கலவரமும் 1971இன் அமைதியும் ஒரே பற்றின் இரு வெளிப்பாடுகள். எனவே தொழில்முறை மற்போரை ஆராய்வோர் களத்தின் கணத்தை மட்டுமன்றி, இரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நாள்களையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.