சூதின் வாயிலைத் தாமே அடைப்போர்

சூதாட்டம் குடியைக் கெடுக்கும் என்பதை அறியாதார் எவருமிலர். சூதாடிக்கு அது மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும். கைப்பொருளைத் தோற்றுவிட்டு வீடு திரும்பும் இரவில், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அவன் சூளுரைக்கிறான். அச்சூளுரையில் பொய் இல்லை. ஆயினும் சம்பள நாள் வந்ததும் அவன் கால்கள் பழைய வழியிலேயே நடக்கின்றன. ஏன்? உறுதி இரவோடு தளர்ந்துவிடுகிறது. வழியோ பகலிலும் திறந்தே கிடக்கிறது.

திருமறையின் ஐந்தாம் அத்தியாயம், 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒருசேரச் சுட்டி, அவை ஷைத்தானின் செயல்கள் என்று உணர்த்தி, அவற்றினின்றும் விலகியிருக்குமாறு ஏவுகிறது. அடுத்த வசனமோ, அவை மனிதரிடையே பகையை மூட்டி, இறைநினைவையும் தொழுகையையும் தடுப்பன என்று காரணத்தையும் விளக்குகிறது. இங்கே ஒரு நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். செய்யற்க என்ற அளவில் நில்லாது, நெருங்காமல் ஒதுங்கி நிற்கச் சொல்கிறது இறைக்கட்டளை. பாவத்துக்கும் மனிதனுக்கும் இடையே தூரம் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்கருத்தை விளக்கும் வரலாறு ஒன்றைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் காண்கிறோம். தொண்ணூற்றொன்பது உயிர்களைக் கொன்ற ஒருவன், தனக்கு மன்னிப்பு உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டான். இல்லை என்று அவர் கூறவே, அவரையும் கொன்று நூறாக்கினான். பின்னர் ஓர் அறிஞரை நாடினான். அவர் மன்னிப்பின் வாயில் அடைபடவில்லை என்று ஆறுதல் கூறினார். அத்துடன், தீய ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறும் பணித்தார். மனம் திருந்தினால் மட்டும் போதாது; இடமும் மாற வேண்டும் என்பதை அந்த அறிஞர் உணர்ந்திருந்தார்.

ஆனால் இன்றைய சூதாடி எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குச் செல்வான்? சூதாட்டக் கூடம் இன்று அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் நள்ளிரவிலும் அது அவனை வரவேற்கிறது.

இந்நிலைக்கு ஒரு தடுப்பாகவே சில நாடுகள் தன்விலக்குப் பதிவேடு என்னும் ஏற்பாட்டைக் கண்டன. 'என்னைச் சூதாட விடாதீர்கள்' என்று ஒருவர் தாமே முன்வந்து தம் பெயரைப் பதிந்துகொள்ளும் தேசியப் பட்டியல் அது. டென்மார்க்கில் 2012ஆம் ஆண்டிலும், ஸ்வீடனில் 2019ஆம் ஆண்டிலும், நெதர்லாந்தில் 2021ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவில் 2023ஆம் ஆண்டிலும் இத்தகைய பதிவேடுகள் நடைமுறைக்கு வந்தன.

இது செயற்படும் விதத்தை அறியப் பிரிட்டனின் கேம்ஸ்டாப் என்னும் பதிவேட்டைப் பார்ப்போம். முன்னெல்லாம் ஒருவர் ஒரு நிறுவனத்தில் தம் கணக்கை மூடினால், அடுத்த நிறுவனம் அவரை இருகரம் நீட்டி வரவேற்கும். அக்குறையை இது போக்கிற்று. பெயர், பிறந்த நாள், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே முறை, கட்டணமின்றித் தந்தால் போதும். 6 மாதம், 1 ஆண்டு, 5 ஆண்டு என்னும் கால அளவுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2020 மார்ச் 31 முதல், அந்நாட்டில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அனைத்தும் இப்பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். பதிந்தவர் எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டினாலும், அவர் தந்த விவரங்கள் பட்டியலோடு ஒப்பிடப்பட்டு, கதவு மூடப்படும்.

குறித்த காலம் முடியுமுன் மனம் மாறிக் கெஞ்சினாலும் விலக்கு நீங்காது. காலம் முடிந்த பின்னும் அது தானாக விலகுவதில்லை. அவரே கேட்டு, 24 மணி நேரம் காத்திருந்த பிறகே நீங்கும். தெளிந்த வேளையில் எடுத்த முடிவை மயங்கிய வேளையில் குலைக்க முடியாதபடி செய்வதே இதன் உயிர்நாடி.

மற்றொரு பாதுகாப்பும் உண்டு. ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும், பதிவேட்டில் உள்ளோருக்குச் சூதாட்ட நிறுவனங்கள் விளம்பரம் அனுப்புவது குற்றம். வா, சூதாடுவோம் என்று தோழனை அழைத்தவர், அழைத்த அந்தச் சொல்லுக்காகவே தருமம் செய்யட்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய போதனையை இங்கே நினைவுகூர்க. அழைப்பே கேட்டின் தொடக்கம் அன்றோ?

தாமாக முன்வராதவர் நிலை என்ன? சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்டபோது, தன்விலக்குடன் குடும்ப விலக்கும் ஏற்படுத்தப்பட்டது. மனைவியோ, கணவனோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தாரோ விண்ணப்பித்து, தக்க காரணம் காட்டினால் அவரை உள்ளே விடாதபடி ஆணை பெறலாம். கடனில் மூழ்கித் திவாலானோரும், அரசின் உதவித்தொகையில் வாழ்வோரும் எவரும் கேளாமலேயே விலக்கப்படுகின்றனர். சூதாடி தோற்பது தன் பொருளை மட்டுமன்று, மனைவி மக்களின் உணவையும்தான் என்னும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

எனினும் இவ்வேலியில் ஓட்டைகளும் உள. ஒரு கையால் உரிமம் வழங்கி, மறு கையால் தடுக்கும் முரண்பாடு முதலாவது. பிரிட்டனின் கேம்ஸ்டாப் இணையத்துக்கு மட்டுமே உரியது. தெருவிலுள்ள பந்தயக் கடைகளிலிருந்தும் சூதாட்ட மாளிகைகளிலிருந்தும் விலக வேறு திட்டங்களில் பதிய வேண்டும். எல்லாவற்றினும் கொடியது, உரிமம் பெறாத அயல்நாட்டுத் தளங்கள். அவை பதிவேட்டுக்குக் கட்டுப்படா. பதிந்தோரையே குறிவைத்து, உனக்கு இங்கே தடையில்லை என்று தூண்டில் போடுவனவும் அவற்றுள் உண்டு. ஆகவே, சூதாட்டத்துக்குப் பணம் செல்லாதபடி வங்கியிலும், தளங்கள் திறவாதபடி கைப்பேசியிலும் தடை ஏற்படுத்திக்கொள்வது நலம். இப்பழக்கம் மருத்துவ உதவிக்கும் உரியது என்பதை மறத்தலாகாது.

தௌபாவுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டென்பர் பெரியோர்: பாவத்தை விடுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணல். பிறருக்குரியதைப் பறித்திருந்தால் அதைத் திருப்பித் தருதல் நான்காவது. இவற்றுள் எதையும் ஒரு பதிவேடு நமக்காகச் செய்துவிடாது. ஆனால் மூன்றாவது நிபந்தனையாகிய உறுதிக்கு அது காவல் நிற்கும். மீண்டும் சூதுக்குச் சென்றிருக்கக்கூடிய பணம் வீட்டில் தங்கினால், நான்காவது நிபந்தனைக்கும் வழி பிறக்கும்.

அன்பர்களே! இப்பிடியில் சிக்கிய ஒருவர் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். அண்டை வீட்டில் இருக்கலாம். அவரை ஏசுவதால் பயனில்லை. ஏச்சு அவரை மறைவை நோக்கித் தள்ளும். மறைவிலேதான் சூது வளரும். மாறாக, மனம் தெளிந்து அவர் வருந்தும் வேளையில் அருகே அமருங்கள். எந்த நாட்டில் வாழ்கிறாரோ அந்நாட்டில் உள்ள தடுப்பு ஏற்பாட்டை எடுத்துக்காட்டுங்கள். அவ்வேளை நீடிப்பதில்லை, அது கடக்குமுன் கதவு பூட்டப்படட்டும்.

வல்ல இறைவன் நம் அனைவரையும் இக்கேட்டினின்றும் காத்தருள்வானாக! ஆமீன்.