இடது கையால் எழுதிய பக்கங்கள்

கப்பலின் பெயர் கில்டோனன் காசில். 1909 நவம்பர். போன காரியம் கைகூடாமல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காந்தி, கப்பல் கம்பெனியின் கடிதத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பத்தே நாளில் ‘இந்திய சுயராஜ்யம்’ முடிந்துவிட்டது. வலது கை ஓய்ந்தபோது பேனாவை இடது கைக்கு மாற்றினார். சுமார் 275 பக்கக் கையெழுத்துப் பிரதியில் 40 பக்கம்போல இடது கை எழுத்து. அந்தப் பிரதியை அப்படியே படமெடுத்துப் பின்னாளில் புத்தகமாகவும் போட்டார்கள். அதில் அடித்தல் திருத்தல் வெகு குறைவு. லண்டனில் பலரோடு மல்லுக்கட்டி, எல்லா வாதத்தையும் மனசுக்குள் தீர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவரின் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

புத்தகக் காட்சி வருகிறது, ‘படிக்கும் தலைவர்கள்’ என்று ஏதாவது எழுதுங்கள் என்றார்கள் ஆசிரியர் குழுவில். அலமாரிக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எனக்கு அலமாரியில் ஈடுபாடில்லை. படித்து முடித்த மறுநாள் காலை அந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி.

இதற்கும் காந்தியிடமே போக வேண்டியிருக்கிறது. 1904இல் ஜொகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் நண்பர் போலக், வழியில் படிக்க ரஸ்கினின் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். டர்பனுக்கு 24 மணி நேரப் பயணம். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அன்று இரவு தூங்கவும் இல்லை. வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றுதான் என்று அதில் கண்டவர், அதை நோட்டில் குறித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. டர்பனுக்கு வெளியே பீனிக்ஸில் நிலம் வாங்கி, ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். தமிழிலும் பக்கங்கள் வந்த பத்திரிகை அது. அங்கே முதல் இதழ் அச்சேறும் ராத்திரியில் எஞ்சின் மக்கர் பண்ணியது. தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, அவர்களோடு தானும் சேர்ந்து விடியும்வரை கைச்சக்கரத்தைச் சுற்றினார் வக்கீல். புத்தகம் படிப்பது என்றால் இது.

நேருவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: சிறை, மகள், 196 கடிதங்கள், அகமத்நகர் கோட்டையில் 1944இல் ஐந்தே மாதத்தில் எழுதிய புத்தகம். அதையெல்லாம் விடுங்கள். 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவியூ’ இதழில் ஜவாஹர்லாலைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. கீழே ‘சாணக்கியா’ என்று பெயர். கூட்டத்தின் ஆரவாரம் இந்த மனிதரின் தலைக்கேறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பிசகினால் சர்வாதிகாரியாகிவிடுவார், மூன்றாவது முறையும் காங்கிரஸ் தலைவர் ஆக்கிவிடாதீர்கள் என்பது சாரம். யார் இந்த சாணக்கியர் என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எழுதியவர் ஜவாஹர்லாலேதான்.

அதிலும் ஒரு சுயமோகம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே. மேடையில் மாலை விழும் கழுத்து, ராத்திரி தனியாக உட்கார்ந்து தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. பேனா தன் கையில் இருந்தால்தான் அது முடியும். இன்னொருவரைக் கூப்பிட்டு, ‘என்னைத் திட்டி ஒன்று எழுதிக் கொடப்பா’ என்று சொல்ல முடியுமா?

நம் ஊரில் அண்ணா வாராவாரம் ‘தம்பி’க்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைக்காரனுக்குத்தான் தெரியும் வாராவாரம் என்பதன் அருமை. அச்சுக்கோப்பவர் காத்திருப்பார், தலைவருக்குத் தலைவலி என்றெல்லாம் அவரிடம் சொல்ல முடியாது. 1963இல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டபோது, தொண்டனுக்குக் காரணம் சொல்லும் பாரமும் அவருடைய பேச்சின் மீதும் பேனாவின் மீதும்தான் விழுந்தது.

எழுதாமலே சாதித்தவர் காமராஜர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்மைதான், புத்தகம் எழுதாமல் பள்ளிக்கூடம் திறந்தார். ஆனால் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது: அட்மின். தலைவர் பெயரில் காலையில் இரங்கல், மதியம் வாழ்த்து, சாயங்காலம் கண்டனம். சிக்கலாகிவிட்டால், ‘அது அட்மின் போட்டது’. நீக்கிவிட்டால் தீர்ந்தது. எந்த வரியை அடித்தார், எந்தச் சொல்லில் தயங்கினார், எப்போது மனம் மாறினார் என்று நாளைக்குத் தேடிப் போகிறவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சாது. பொய் சொன்னால்கூட அவர் கைப்பட்ட பொய்யாக இருந்தால், அதில் எதையாவது கண்டுபிடிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிரமுகரின் கட்டுரை எங்கள் இதழுக்கு வந்தது. நல்ல கட்டுரைதான். இரண்டாவது பத்தியில் ஒரு வரி இடித்தது. கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று போன் செய்தேன்.

“எந்தக் கட்டுரைங்க?” என்றார்.

சொன்னேன்.

“ஓ, அதுவா? நல்லா வந்திருக்கா? தம்பிகிட்ட தர்றேன், அவருக்குத்தான் தெரியும்.”

தம்பி வாங்கினார். எந்த வரி என்று கேட்டார். படித்துக் காட்டினேன். “ஒரு நிமிஷம் சார்” என்றார். மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.